நான்கு சக்கரத்திலும் சாக்பீஸ்

"கொலை பண்ணவன், போறப்ப பிணத்துக்குத் தலை வாரிவிட்டுட்டுப் போயிருந்தா அவனை என்னன்னு சொல்றது?"

அண்ணி இப்படிக் கேட்டபோது மேஜைமேல் மல்லாந்து கிடந்தது பிணம் அல்ல. ஒரு முழ நீளமுள்ள ரிமோட் கார்.

"சலூன்காரர்னு சொல்லலாம்," என்றாள் நாத்தனார்.

எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரன் சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

தையல் கடையின் மாடியில் இரண்டே அறை. வாசல் பலகையில் 'சர்வதேசப் புலனாய்வு மையம்' என்று எழுதியிருக்கும். சர்வதேசம் என்பதில் இதுவரை பக்கத்துத் தெரு மட்டும்தான் அடங்கியிருந்தது. மையத்தின் தலைவி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் மேலதிகாரியின் பொய்யையும் கண்டுபிடித்துவிட்டதால் வெளியே வந்தார். அவருடைய உதவியாளர் அவர் கணவரின் தங்கை. அவள் அண்ணி என்று கூப்பிடப்போய், தெருவே அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் நாத்தனார், இங்கே துணை இயக்குநர். வாய் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கண்ணாடிக்காரன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். முப்பது வயது இருக்கும். வார நாட்களில் பிறர் பார்வையைச் சரிசெய்வான், ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளத்தின்மேல் கார் ஓட்டுவான்.

"கம்பளத்துல ஓட்டறதுல ஒரு சிக்கல் இருக்கு மேடம். ரோட்டுல வண்டி வழுக்கும். கம்பளம் வழுக்காது, பிடிச்சுக்கும். ரொம்பப் பிடிச்சா திருப்பத்துல கார் அப்படியே புரண்டு மல்லாந்துடும். அந்தப் பிடிப்பைக் குறைக்கறதுதான் செட்டப்பே. அடித்தட்டு தரையிலேர்ந்து அஞ்சே மில்லிமீட்டர். ஸ்பிரிங் கெட்டியா இருக்கணும். முன் டயரோட வெளி ஓரத்துல சூப்பர் க்ளூ தடவிக் காயவச்சா வழவழன்னு ஆயிடும், கடிக்காது. பிடிப்புக்காக டயருக்குத் தடவற தைலத்தைக்கூட முன்னால பாதி அகலத்துக்குத்தான் தடவுவோம்."

நாத்தனார் டயரை முகர்ந்து பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் முட்டிக்குத் தடவற அதே வாசனை. அவரும் திருப்பத்துலதான் விழறார்."

"வாரத்துல ரெண்டு மூணு தடவை யாரோ கிளப் லாக்கரைத் திறந்து ஒவ்வொண்ணா எல்லாத்தையும் மாத்திட்டாங்க. அடித்தட்டு ஏழு மில்லிமீட்டர் ஆயிடுச்சு. கெட்டி ஸ்பிரிங் போய் மெத்துன்னு ஒண்ணு வந்திருக்கு. க்ளூவைச் சுரண்டிட்டாங்க. டயர் முழுக்கத் தைலம் ஊறிக் கிடக்கு. போன ஞாயிறும் அதுக்கு முன் ஞாயிறும் முதல் திருப்பத்துலயே கவிழ்ந்துடுச்சு."

"இந்த ஞாயிறு?"

"தேசியப் போட்டிக்கு அணி எடுக்கற ரேஸ். இதுலயும் கவிழ்ந்தா பேரை அடிச்சிடுவேன்னு கிளப் தலைவர் சொல்லிட்டார்."

"மாத்தியிருக்குன்னு பார்த்ததும் நீங்களே திருப்பி வச்சிருக்கலாமே தம்பி?"

கண்ணாடிக்காரன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தான். "நேரம் கிடைக்கல மேடம்."

அரை மில்லிமீட்டருக்காக ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழிக்கிறவன் சொன்ன பதில் இது. அண்ணி அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதோடு சரி.

"யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றான் எழுந்து நின்று. "அது போதும். வேற எதுவும் செய்ய வேண்டாம்."

காரை வைத்துவிட்டு அவன் படியிறங்கிப் போன பிறகு, அண்ணி பூதக்கண்ணாடியை எடுத்தார். அது வெறும் தோரணைக்கு வாங்கியது. இன்றைக்குத்தான் முதல்முறையாக வேலைக்கு உதவியது.

"கெடுக்க வந்தவன் காரைத் துடைச்சுப் பளபளன்னு வச்சிருக்கான் பாரு. ஸ்குரூ எல்லாத்தையும் இறுக்கியிருக்கான். அறுந்து தொங்கின ஒயரை ஒட்டியிருக்கான். எவ்வளவு அக்கறையான விரோதி!"

"எனக்கு அப்படி ஒரு விரோதி கிடைச்சா வீட்டுக்கே கூட்டிட்டு வந்து வச்சுக்குவேன்."

அண்ணி சக்கரத்தைத் திருப்பினார். டயரின் உட்பக்கத்தில், சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத இடத்தில், வெள்ளையாக ஒரு சிறிய சரிக்குறி. அடுத்த சக்கரத்திலும் இருந்தது. நான்கிலும் இருந்தது.

"சாக்பீஸ்," என்றார். "இதுதான் நம்ம நூல். இதைப் பிடிச்சுக்கிட்டே போவோம்."

நூல் முதலில் கீழே தையல் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது. தையல்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறியைப் பார்த்தார்.

"இது எங்க சாக்பீஸ் இல்லைங்க. எங்களுது தட்டையா இருக்கும், கோடு மயிரிழையா விழும். இது பள்ளிக்கூடத்துக் குச்சி. அதுவும் அழுத்திப் போட்டிருக்கு. சந்தேகமே இல்லாத ஆளு."

"உங்களுக்குச் சந்தேகம் உண்டாண்ணே?"

"ஒவ்வொரு ரவிக்கைக்கும் உண்டு."

பள்ளிக்கூடத்துக் குச்சி என்றதும் அண்ணியின் முகம் மலர்ந்தது. கிளப் தலைவர் ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியர். கேஸ் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று அண்ணி கணக்குப் போட்டார். அண்ணியின் கணக்குகளில் இதுவும் ஒன்று.

கிளப், மூடிப்போன ஒரு கட்டில் பீரோக் கடையின் மாடியில் இருந்தது. சுவருக்குச் சுவர் சாம்பல் நிறக் கம்பளம். அதன்மேல் வெள்ளைக் குழாய்களை வளைத்து வைத்துப் பாதை. ஒரு பக்கம் நின்று ஓட்ட உயரமான மேடை, மறுபக்கம் நீள மேஜைகள். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுகிற ஆண்கள், இங்கே நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடுகளவு திருகாணியைக் கால் சுற்று திருப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முதுகிலும் அவரவர் பதவி அச்சடிக்கப்பட்டிருந்தது. ஒருவர் முதுகில் 'தலைமைப் பொறியாளர்'. அவருடைய கார் ஓடவில்லை.

தலைவரின் சட்டையில் பதக்கங்கள் போக மீதி இடத்தில் பொத்தான்கள் இருந்தன.

"சாக்பீஸா!" என்று அதிர்ந்தார். "எங்க பள்ளியில சாக்பீஸையே ஒழிச்சாச்சும்மா. எல்லாம் தொடுதிரை. போன வருஷம் ஒரு டீச்சர் கைப்பையில சாக்பீஸ் வச்சிருந்தாங்க, விளக்கம் கேட்டு எழுதினேன்."

"பிள்ளைங்க நல்லாக் கத்துக்கறாங்களா சார்?" என்றாள் நாத்தனார்.

"அது வேற துறை." தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தப் பையன்கிட்டச் சொல்லிடுங்க. கவிழற வண்டியை அணியில சேர்த்தா மானம் போயிடும். மூணாவது தடவை கவிழ்ந்தா பேர் காலி. நான் கண்டிப்பான ஆளு."

அவர் போனதும், அவர் பின்னாலேயே மற்றவர்களும் அவரவர் அலுவலகங்களுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அங்கே அவர்கள் முதுகில் எதுவும் எழுதியிருக்காது. கூடத்தில் மிஞ்சியது கம்பளத்தைச் சுத்தம்செய்யும் காவலாளி மட்டும். நூல் அறுந்துவிட்டது.

அண்ணி மேடைப் படியில் உட்கார்ந்து காரை மடியில் வைத்துக்கொண்டார். இந்த வருடத்தில் அவர் எடுத்த கேஸ்களில், தோற்காதது என்று சொல்ல, தொலைந்த பூனை ஒன்று இருந்தது. அதுவும் தானாகத் திரும்பி வந்தது.

"விட்டுடலாம் அண்ணி. பையன்கிட்ட எலின்னு சொல்லிடுவோம்."

"எலி ஸ்டிக்கர் ஒட்டுமாடி?"

"என்ன ஸ்டிக்கர்?"

காரின் மேல்கூட்டைத் திருப்பினார் அண்ணி. பின்பக்கம், இடமும் வலமும், கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு இரண்டு சிவப்புச் சதுரங்கள். வெளிச்சம் பட்டதும் பளிச்சென்றன.

"அண்ணே," என்று காவலாளியைக் கூப்பிட்டார். "இந்தக் கம்பளத்துல வேகத்தடை எங்கயாவது உண்டா?"

காவலாளி சிரித்தார். "இருந்தா நான் தடுக்கி விழுந்திருப்பேனே."

"அப்ப அடித்தட்டை ஏன் தூக்கினான்? வேகத்தடையில இடிக்காம இருக்க. ஸ்பிரிங்கை ஏன் மெத்துன்னு மாத்தினான்? உள்ள உட்கார்றவங்களுக்குக் குலுங்காம இருக்க. டயர் ஓரத்துல பசை காய்ஞ்சு வழவழன்னு இருக்கறதைப் பார்த்துத் தேஞ்சுபோன டயர்னு பயந்து சுரண்டியிருக்கான். இவன் காரைக் கெடுக்கலைடி. இந்தக் காருக்குள்ள குடும்பத்தோட ஆள் ஏறப் போறாங்கன்னு நெனச்சுச் சரிபண்ணியிருக்கான். பின்னால சிவப்பு பளபளக்கலைன்னா வண்டியை ரோட்டுக்கே விடமாட்டான். ஒவ்வொரு சக்கரமாத் தட்டிப் பார்ப்பான். சரியா இருந்தா சாக்பீஸை எடுத்து..."

"லாரிக்குத் தகுதிச் சான்று கொடுக்கற ஆபீசர்!" என்றாள் நாத்தனார்.

காவலாளியின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாதுகாப்பு ஆய்வுன்னார். குரல் அப்படி இருந்துச்சு. லாக்கரைத் திறந்தது மட்டுமில்ல, அவர் முடிக்கற வரைக்கும் நான் எந்திரிச்சே நின்னேன்."

"அடையாள அட்டை கேட்டீங்களா?"

"அவர்தான் என்கிட்ட கேட்டார்." காவலாளி வாசலைப் பார்த்தார். "இந்த நேரத்துக்குத்தான் வருவார்."

வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனா, கையில் சின்னக் கருவிப் பெட்டி. தேர்வுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல இரண்டு பெண்களையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"சர்வதேசம்," என்றாள் நாத்தனார்.

அண்ணி காரை நீட்டினார். "இதை மாத்தினது நீங்கதானே சார்?"

"மாத்தலை. திருத்தினேன். இருந்த நிலைமையில அது ரோட்டுக்கு லாயக்கில்லாத வண்டி."

"இங்க இருபது கார் இருக்கு. எல்லாமே லாயக்கில்லாததுதான். இது ஒண்ணை மட்டும் ஏன் சார்?"

அவர் பேனாவைச் சரிசெய்துகொண்டார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"ஓட்டறவன் என் பையன்."

அவர் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் வாகன ஆய்வாளரா இருந்தப்ப, ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு என்கிட்டதான் வந்தான். மூணு தடவையும் ஃபெயில் பண்ணேன். என் பையன்னு விட்டுட்டேன்னு நாளைக்கு ஒருத்தன் பேசிடக் கூடாது இல்லையா? மூணாவது தடவைக்கப்புறம் தனியாப் போயிட்டான். அதோட பேச்சு நின்னுபோச்சு. இங்கேர்ந்து ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன்."

"உங்க வீட்டுல நடக்கப் பழகறதுக்கே தேர்வு வச்சிருப்பீங்க போல," என்றாள் நாத்தனார்.

"அவன் சீக்கிரமா நடந்தான்," என்றார் ஆய்வாளர். அது மட்டும் வேறு குரலில் வந்தது.

அண்ணி காவலாளிக்குக் கண் காட்டினார். காவலாளி காரைக் கம்பளத்தில் வைத்து ரிமோட்டை எடுத்தார். கார் நேராகப் பாய்ந்தது, முதல் திருப்பத்தில் உள் சக்கரங்கள் எழும்பின, ஒரே புரளலில் மல்லாந்தது. நான்கு சக்கரங்களும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஓட்டத் தெரியலை," என்றார் ஆய்வாளர்.

"மெதுவா ஓட்டுங்கண்ணே," என்றார் அண்ணி.

மெதுவாகவும் கவிழ்ந்தது.

ஆய்வாளர் மண்டிபோட்டுக் காரை நிமிர்த்தினார். முன் டயரைக் கம்பளத்தின்மேல் அழுத்தி இழுத்துப் பார்த்தார். நகரவில்லை.

"பிடிப்பு இருந்தா வண்டி நிக்கும். வேலையில இருந்த காலம் முழுக்க அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

"இங்க பிடிப்பு இருந்தா கவுத்துடும் சார். போன ரெண்டு ஞாயிறும் கவுத்துடுச்சு. இந்த ஞாயிறும் கவுத்தா உங்க பையனுக்கு அணியில இடம் இல்லை."

"நான் திருத்தினதாலயா?"

அண்ணி மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பலகையைக் காட்டினார்.

பிறகு அவர் அண்ணி சொன்னதையெல்லாம் செய்தார். காரைக் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து அடித்தட்டை இறக்கினார். ஐந்து மில்லிமீட்டர் அளவுத் துண்டு உள்ளே போய் வரும்வரை திருகினார். பெட்டியிலிருந்து பழைய ஸ்பிரிங்குகளை எடுத்தார். அவற்றை ஒரு காகிதத்தில் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். ஊறிய டயர்களுக்குப் பதில் லாக்கரிலிருந்த புது டயர்களை மாட்டப்போனவரை, "இதே ரப்பர் போதும் சார், துடைச்சுக் காயவச்சா சரியாயிடும்," என்று காவலாளி தடுத்து, முன் டயர்களின் ஓரத்தில் பசை தடவிக் கொடுத்தார். அந்தப் பசை காயும்வரை ஆய்வாளர் ஊதிக்கொண்டே இருந்தார்.

"இனிமே இந்த லாக்கர் பக்கம் வரமாட்டேன்னு வாக்குக் கொடுங்க," என்றார் அண்ணி. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கேஸ் கைக்குள் அடங்கியிருந்தது. கதவை இழுத்துப் பூட்டிவிட வேண்டும் என்ற பரபரப்பு அவருக்கு.

"வரமாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

எழுந்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்தார். நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"தப்பான சான்று," என்றார். "ரத்து."

படியில் அவர் இறங்குகிற சத்தம் அடங்கிய பிறகு நாத்தனார் கேட்டாள்: "கேஸ் முடிஞ்சுதா அண்ணி?"

"முடிஞ்சுது."

"அப்ப எனக்கு ஏன் துக்கம் விசாரிச்சுட்டு வர்ற மாதிரி இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிறைந்திருந்தது. தலைவர் ஒலிபெருக்கியில் ஒழுக்கம் பற்றிப் பேசி முடித்துவிட்டு, ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று கேட்டார்.

கண்ணாடிக்காரன் லாக்கரிலிருந்து காரை எடுத்தான். அண்ணி பக்கத்தில் போய் நின்றார், பரிசு கொடுக்கப் போகிறவரைப் போல. அவன் அடித்தட்டின் உயரத்தைப் பார்க்கவில்லை. ஸ்பிரிங்கையும் பார்க்கவில்லை. காரைத் திருப்பி, ஒரு சக்கரத்தின் உட்பக்கத்தைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். நான்காவதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சாக்பீஸ் கோடு எங்க மேடம்?"

அண்ணி அவன் கையிலிருந்த காரைப் பார்த்தார். "உங்களுக்கு... அது தெரியுமா?"

"முதல் வாரமே பார்த்தேன். சின்ன வயசுல என் சைக்கிளை தினம் காலையில செக் பண்ணுவார். ஒருநாள்கூடக் கோடு போட்டதில்லை. பிரேக் சரியில்லை, மணி சரியில்லை, ஏதாவது ஒண்ணு. லாரிக்கெல்லாம் போடுவார், எனக்குப் போடமாட்டார்." காரை நிமிர்த்திப் பிடித்தான். "இதுக்குத்தான் போட்டார். நாலு சக்கரத்துக்கும்."

"அதனாலதான் திருப்பி மாத்தலையா?"

"பாஸ் ஆன வண்டியை எப்படி மேடம் பிரிக்கறது?"

"கவிழும்னு தெரிஞ்சுமா?" என்றாள் நாத்தனார்.

"தெரிஞ்சுதான் ஓட்டினேன்."

"அப்ப எங்ககிட்ட ஏன் தம்பி வந்தீங்க?"

"வேற யாராவது விளையாட்டுக்குப் போட்டிருந்தா? அவர்தான்னு உறுதியாத் தெரிஞ்சா, இன்னைக்கு ரேஸ் முடிஞ்சதும் இந்தக் காரோடயே அவர் வீட்டுக்குப் போகலாம்னு இருந்தேன்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அண்ணிக்கு நன்றாக இருந்திருக்கும். "யாருன்னு மட்டும்தானே கேட்டேன்."

"இப்பவும் போகலாமே!"

"கோட்டை யார் அழிச்சாங்க? நீங்களா?"

அண்ணி தன் வாழ்நாளில் ஒரு அறிக்கையிலும் பொய் எழுதியதில்லை. அந்தப் பழக்கம் இப்போது கழுத்தைப் பிடித்தது.

"அவரேதான்."

"ஏதாவது சொன்னாரா?"

"ரத்துன்னார். ஆனா தம்பி, அது உங்களைச் சொல்லலை, அவர் போட்டது தப்புன்னு அவரையேதான்..."

"அவர் தன்னைத்தானே ஃபெயில் பண்ணிக்கற ஆள் இல்லை மேடம்." தலையை ஆட்டிக்கொண்டான். "சரி. இது நாலாவது தடவை."

மேடையேறினான். கொடி அசைந்தது. அப்படி ஓடிய ஒரு காரை அந்தக் கூடம் பார்த்ததில்லை. முதல் திருப்பத்தில் தண்ணீர் வளைவதுபோல வளைந்தது. குழாய் ஓரத்தைத் தொடவில்லை. ஒரு சக்கரமும் தரையை விட்டு எழும்பவில்லை. தலைமைப் பொறியாளர் கைதட்டினார். கண்ணாடிக்காரன் முகத்தில் எதுவும் இல்லை. நேர்ப்பாதை வரும்போதெல்லாம் அவன் காரை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தான்.

முதலாவதாக வந்தான். அணியில் இடம் கிடைத்தது. தலைவர் அவன் முதுகைத் தட்டி, ஆரம்பத்திலிருந்தே தனக்கு நம்பிக்கை இருந்ததாக ஒலிபெருக்கியில் சொன்னார். இந்த முறை ஒலிபெருக்கி வேலை செய்தது.

கார் கவிழாமல் ஓடி நின்ற நொடியிலேயே நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருந்தாள். இரண்டு தெருதானே. அவளாலேயே யாரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட முடியும், வாயால்.

திரும்பி வந்தபோது தனியாக வந்தாள். கண்ணாடிக்காரன் காரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்காத தூரத்தில் அண்ணியை நிறுத்தினாள்.

"ஜன்னல் வழியாத்தான் பேசினார். வாக்குக் கொடுத்துட்டேன், அந்தப் பக்கம் வரமாட்டேன்னார். நாங்களே வாக்கைத் திருப்பித் தர்றோம் சார்னேன். வாக்குல ரிவர்ஸ் கியர் இல்லைன்னார்."

"வேற எதுவும் சொல்லலையா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டார். இன்னைக்குக் கவிழ்ந்துச்சான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு தடவைகூடக் கவிழலை சார், பையன்தான் முதல்னு சந்தோஷமாச் சொன்னேன் அண்ணி." நாத்தனார் பெட்டியை மூடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். "அப்ப நான் தள்ளி இருக்கறதுதான் சரின்னு தலையை ஆட்டினார். ஜன்னலைச் சாத்திட்டார்."